கூரை திறக்கும் காரா, மூடிய காரா?
மட்டாஞ்சேரி மழை சொல்லும் தீர்ப்பு

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் ஆசை வந்தவர்களுக்கு வரும் முதல் குழப்பம், கன்வர்ட்டிபிளா கூப்பேயா என்பதுதான். உப்புக் காற்றும் விடாத ஈரமும் உள்ள கொச்சியில் அதற்கு விடை என்ன?

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் எதிரெதிரே இரண்டு கார்கள் வந்தால், ஒன்று ஒதுங்கி நின்றுதான் மற்றது போக முடியும். ஒரு பக்கம் மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் பண்டகசாலைகள். அவற்றின் பின்வாசலைத் தொட்டபடி காயல். 1568-இல் கட்டிய யூதர் ஆலயம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. கைவண்டிக்கும் மாட்டுவண்டிக்கும் போட்ட தெருக்கள் இவை.

இங்கிருந்து தோப்பும்படி தாண்டி எர்ணாகுளம் பக்கம் வந்தால் காட்சி மாறிவிடும். வளைகுடாச் சம்பாத்தியமும் கார் மோகமும் ஊறிய கேரளத்தில், பழைய சொகுசுக் கார்களை மட்டுமே விற்கும் பெரிய ஷோரூம்கள் வந்துவிட்டன. பி.எம்.டபிள்யூ இஸட்4, மெர்சிடிஸ் எஸ்.எல்.கே., ஆடி டிடி, போர்ஷே பாக்ஸ்டர் என்று சுவரில் படமாக ஒட்டி வைத்து வளர்ந்த பெயர்கள், இன்று நடுத்தர வியாபாரி ஒருவர் விலை கேட்கும் நிலைக்கு இறங்கி வந்திருக்கின்றன. புதிதாக வந்தபோது அரைக் கோடியைத் தாண்டிய வண்டிகள் அவை.

விலை படிந்துவிட்டது, வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது என்றால் மிச்சம் இருப்பது ஒரே கேள்வி. கூரையைத் திறந்து போட்டு ஓட்டும் கன்வர்ட்டிபிளா, கூரை மூடியே இருக்கும் கூப்பேயா? கேட்கும்போது இது ரசனை சம்பந்தப்பட்ட விஷயம் போலத் தெரியும். ஆனால் கொச்சியில் கார் பகலில் எப்படி ஓடுகிறது என்பதை விட, இரவில் எங்கே நிற்கிறது என்பதுதான் இதற்கு விடை சொல்கிறது.

கூரை என்னும் முதுகெலும்பு

இன்றைய காருக்கு லாரியைப் போல அடியில் தனிச் சட்டம் கிடையாது. தரை, தூண்கள், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைத்த ஒரே கூடுதான் அதன் பலம். கூரையை வெட்டி எடுத்தால் அந்தக் கூடு முறுக்கத் தொடங்கும். அதைத் தடுக்கக் கதவுக்குக் கீழே உள்ள படிகளைத் தடிமனாக்குகிறார்கள். தரையில் குறுக்குத் தாங்கிகள் சேர்க்கிறார்கள். முன்கண்ணாடிச் சட்டத்தை வலுப்படுத்துகிறார்கள். இதனால் எடை கூடும். அதற்குப் பிறகும் குண்டும் குழியுமான சாலையில் கன்வர்ட்டிபிளின் முன்கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் லேசாக நடுங்கும். கூப்பேயில் அந்த நடுக்கம் வராது.

எல்லாக் கன்வர்ட்டிபிள்களும் வெட்டிச் செய்தவை அல்ல. போர்ஷே பாக்ஸ்டர் 1996-இல் பிறந்தபோதே கூரையில்லாத காராக வரையப்பட்டது. அதன் மூடிய உடன்பிறப்பான கேமன் ஒன்பது ஆண்டுகள் கழித்து 2005-இல்தான் வந்தது. ஜாகுவார் எஃப்-டைப்பும் அப்படியே: 2013-இல் முதலில் வந்தது திறந்த கார், மறு ஆண்டுதான் கூப்பே. இப்படித் திறந்த காராகவே பிறந்த வண்டிகளில் நடுக்கம் குறைவு. நான்கு பேர் அமரும் சாதாரணக் காரின் கூரையை நீக்கிச் செய்த வண்டிகளில் அது அதிகம்.

ஒரே அடித்தளத்தில் இரண்டு விதமாக யோசித்த உதாரணமும் உண்டு. 2018-இல் வந்த இஸட்4-உம், 2019-இல் மறுபிறவி எடுத்த டொயோட்டா சுப்ராவும் ஒரே அடித்தளம் கொண்டவை. இரண்டும் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஒரே ஆலையில் தயாரானவை. பி.எம்.டபிள்யூ அதைத் துணிக் கூரை வண்டியாக மட்டும் செய்தது. டொயோட்டா கூப்பேயாக மட்டும் செய்தது. ஒன்று காற்றையும் வெயிலையும் தேடுகிறவருக்கு, மற்றது வளைவுகளில் துல்லியம் தேடுகிறவருக்கு.

நம் சந்தையில் கிடைப்பவை

வெளிநாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் முதலில் சொல்லும் பெயர் மாஸ்டா எம்.எக்ஸ்-5. அந்த நிறுவனம் இந்தியாவில் கடை விரிக்கவே இல்லை. மூன்று வருடத்துக்கு மேல் பழைய காரை இறக்குமதி செய்ய நம் விதிகள் சாதாரணமாக இடம் தருவதில்லை. கொண்டுவந்தாலும் வரி விலையை விழுங்கிவிடும். ஆகவே இங்கே அதிகாரபூர்வமாக விற்ற வண்டிகளுக்குள்தான் தேட வேண்டும்.

திறந்த கார்களில் இஸட்4, எஸ்.எல்.கே., அதன் வாரிசான எஸ்.எல்.சி., பாக்ஸ்டர், மினி கன்வர்ட்டிபிள் ஆகியவை தென்படும். 2014 டிசம்பரில் 44.75 லட்சம் ரூபாய்க்கு அறிமுகமான ஆடி ஏ3 கேப்ரியோலே, நான்கு பேர் அமரக்கூடியது என்பதால் குடும்பஸ்தர்களின் கண்ணில் படும். மூடிய கார்களில் ஆடி டிடி, கேமன், நிசான் 370இஸட், ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி. உண்டு. மஸ்டாங் 2016-இல் 65 லட்சம் ரூபாய்க்கு இந்தியா வந்தது. கூப்பேயாக மட்டுமே வந்தது. 2021-இல் ஃபோர்டு இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. இன்று மஸ்டாங் வாங்குகிறவர் உதிரிபாகத்துக்கு யாரை நாட வேண்டும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

இதே கேள்வியைக் குறைந்த விலையில் கேட்டுப் பார்த்தவர்கள் மஹிந்திரா தார் வாங்கியவர்கள். அது ஸ்போர்ட்ஸ் கார் அல்ல; ஆனால் 2020-இல் வந்த புதிய தாரில் மடக்கும் துணிக் கூரையும் இருந்தது, ஹார்ட் டாப்பும் இருந்தது. 2023-இல் இரு சக்கர இயக்கத்துடன் குறைந்த விலை தார் வந்தபோது, ஹார்ட் டாப்பாக மட்டுமே வந்தது. இந்திய வெயிலும் மழையும் தூசியும் பார்த்தவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதற்கு இது ஒரு சாட்சி.

கொச்சியின் ஈரம்

சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கொச்சியில் 3,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்கிறது. ஜூன் முதல் வாரம் தென்மேற்குப் பருவமழை இறங்கினால் செப்டம்பர் வரை ஓயாது. சற்றே மூச்சு விட்டு, அக்டோபரிலும் நவம்பரிலும் துலாவர்ஷம் என்று மலையாளிகள் சொல்லும் மாலை நேர இடிமழை. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை. கூரையை நிம்மதியாகத் திறந்து வைக்க டிசம்பர் முதல் மார்ச் வரைதான் காலம். அதிலும் காலையும் இரவும்தான். பகல் பதினொரு மணிக்கு மேல் தலைமேல் வெயில் நிற்கும்.

மழை பாதி. மீதி உப்பு. மட்டாஞ்சேரிக்கு ஒருபுறம் காயல், மறுபுறம் ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை. மழையே இல்லாத மாதங்களிலும் வேலியேற்றம் எனப்படும் கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் இடக்கொச்சி, கும்பளங்கி போன்ற தாழ்ந்த பகுதிகளின் வீட்டு வாசல் வரை வந்து நிற்கும். தெருவோரம் நிறுத்திய காரின் அடிப்பாகம், பிரேக் தட்டு, மின் இணைப்பு எல்லாவற்றையும் அந்த உப்பு தொட்டுப் பார்க்கும்.

ஃபோர்ட் கொச்சி வேலி பகுதியில் உள்ள தோபிகானாவில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் சலவைத் தொழில் செய்கின்றன. டச்சுக்காரர் காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள். கொடியில் போட்ட துணி பருவமழைக் காலத்தில் காய மறுப்பது எத்தனை பெரிய பாடு என்பது அவர்களுக்குத் தெரியும். கன்வர்ட்டிபிளின் கூரையும் துணிதான். ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், மடிப்பில் கறை விழும், நாளடைவில் சுருங்கும். நனைந்த கூரையை ஒருபோதும் மடிக்கக் கூடாது என்பது உலகெங்கும் சொல்லும் விதி. கொச்சியில் அந்த விதியைக் கடைப்பிடித்தால் ஜூன் முதல் நவம்பர் வரை கூரை திறப்பதே அபூர்வமாகிவிடும்.

துணியா, தகடா?

கன்வர்ட்டிபிளில் இரண்டு இனம். ஒன்று துணிக் கூரை. மற்றது மடங்கும் உலோகக் கூரை. 1996-இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. இந்த உலோகக் கூரையைப் பிரபலமாக்கியது. 2009 முதல் 2016 வரை தயாரான இஸட்4-உம் அதே வழி: இரண்டு துண்டு அலுமினியக் கூரை, சுமார் 20 நொடியில் மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மூடினால் கூப்பே, திறந்தால் கன்வர்ட்டிபிள். இரண்டு ஆசையும் ஒரே காரில் தீருமே என்று தோன்றும். கொச்சிக்காரர்களை முதலில் இழுப்பதும் இதுதான்.

ஆனால் பத்து வயது தாண்டிய வண்டியில் கவனம் வேண்டும். அந்தக் கூரையை நகர்த்துவது ஹைட்ராலிக் பம்ப், எண்ணெய்க் குழாய்கள், ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்கும் சிறு ஸ்விட்சுகள், அடிக்கடி மடங்கும் மின்கம்பிகள். இதில் ஒரு ஸ்விட்ச் தகராறு செய்தாலும் கூரை பாதியில் நின்றுவிடும். பாதி திறந்த கூரையோடு துலாவர்ஷ மழையில் மாட்டிக்கொண்டால் இருக்கையும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் சேர்ந்து நனையும். டிக்கியும் சுருங்கும்: அந்த இஸட்4-இல் கூரை மூடியிருக்கும்போது 310 லிட்டர் இடம், திறந்தால் 180 லிட்டர். 2018-இல் பி.எம்.டபிள்யூ துணிக்கே திரும்பியது. புதிய துணிக் கூரை 10 நொடியில் திறக்கிறது, மணிக்கு 50 கி.மீ. வரை ஓடும்போதே இயங்குகிறது.

துணியில் இயந்திரம் எளிது, எடை குறைவு. ஆனால் தென்னை மரத்தடியில் நிறுத்த முடியாது. தெருவில் இரவு முழுக்க விட்டால் கத்தி வைத்துக் கிழிப்பவர்களுக்கும் பயப்பட வேண்டும். ஜீப்புக்கு டாப் தைப்பவர்கள் நம்மூரில் நிறைய உண்டு. ஸ்போர்ட்ஸ் காரின் பல அடுக்குக் கூரை வேறு வேலை. அச்சு பிசகாமல் பொருந்தாவிட்டால் ஒவ்வொரு மழையிலும் ஒழுகும்.

எந்த இனமானாலும் உயிர்நாடி வடிகால்தான். கூரையில் விழும் நீர் பீடிங் ரப்பரைத் தாண்டி ஓடைகளில் இறங்கி, சிறு குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் வடிய வேண்டும். இலையும் தூசியும் அந்தத் துளைகளை அடைத்தால் நீர் உள்ளே திரும்பும். முதல் தலைமுறை பாக்ஸ்டரில் அலாரத்தையும் சாவியையும் கட்டுப்படுத்தும் மின்பெட்டி இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. வடிகால் அடைத்துக் கம்பளம் நனைந்தால் அது மூழ்கி வண்டியே கிளம்பாமல் போகும். ஒரு கைப்பிடி இலை செய்யும் சேதம் இது.

கன்வர்ட்டிபிளின் நியாயம்

இவ்வளவும் சொன்ன பிறகு, அப்படியானால் ஏன் மனிதர்கள் கன்வர்ட்டிபிள் வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். அதற்கு வலுவான காரணம் உண்டு.

கேரளத்தில் 2023 முதல் ஏ.ஐ. கேமராக்கள் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நகரச் சாலையில் காருக்கு மணிக்கு 50 கி.மீ.தான் வரம்பு. சாலைகள் நெருக்கமானவை, வீடுகள் ஓரத்தைத் தொட்டு நிற்பவை, நடப்பவர்கள் அதிகம். முன்னூறு குதிரைத்திறன் கொண்ட கூப்பேயின் முழுத் திறமையை இந்தச் சாலைகளில் காட்டக் கூடாது, காட்டவும் முடியாது. அதற்கு இடம் இருங்காட்டுக்கோட்டை, கோவை காரி போன்ற பந்தயத் தடங்கள்தான்.

கன்வர்ட்டிபிளின் இன்பத்துக்கு வேகம் தேவையில்லை. ஜனவரி மாதம், காலை ஆறு மணி. ஃபோர்ட் கொச்சியிலிருந்து தெற்கே செல்லானம் வரை கடலை ஒட்டிய சாலை. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனாலே கடல் வாசனையும் அலைச் சத்தமும் தலைக்கு மேல் வானமும் உங்களுடையவை. கோஸ்ரீ பாலங்கள் ஏறி வைப்பின் தீவு வழியாகச் செராய் போகும் பாதையும் அப்படியே. சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில் அதிக மகிழ்ச்சி தரும் கார் கன்வர்ட்டிபிள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த மகிழ்ச்சி வருடத்தில் நான்கு மாதம் கிடைக்கும். மற்ற எட்டு மாதம் காரைக் காப்பாற்ற உங்களிடம் இடம் இருக்கிறதா என்பதுதான் கணக்கு.

பார்த்து வாங்கும் முறை

பழைய கன்வர்ட்டிபிள் பார்க்கப் போனால் இவற்றைச் செய்யுங்கள்:

* இன்ஜினை ஓடவிட்டுக் கூரையை மூன்று முறை தொடர்ந்து திறந்து மூடுங்கள். நடுவில் தயங்கினாலோ, பம்ப் முனகினாலோ செலவு காத்திருக்கிறது. டிக்கி ஓரங்களில் எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.
* கூரை ஓரத்து ஓடைகளில் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். உடனே வண்டிக்கு அடியில் வடிய வேண்டும்.
* இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைக் காகிதம் வைத்து அழுத்துங்கள். ஈரம் தெரிந்தால் காரணம் கேளுங்கள். கூரை ஒழுகினால் வரும் ஈரம் தெளிவானது. வெள்ளத்தில் நின்ற காரில் வண்டல் இருக்கும்.
* ஒரு பக்கச் சக்கரத்தைத் திட்டில் ஏற்றி நிறுத்திக் கதவைத் திறந்து மூடுங்கள். உரசினால் கூடு முறுக்கியிருக்கிறது என்று பொருள்.
* பீடிங் ரப்பரை விரலால் தடவுங்கள். வெடிப்போ, பொடி உதிர்வோ இருக்கக் கூடாது.

கூப்பேயில் பார்க்க வேண்டியது வேறு. பின்பக்கத் தகடு கூரையோடு ஒன்றாகச் சேர்ந்தது. பின்னால் பலமாக அடிபட்டு டிங்கரிங் செய்திருந்தால் அந்தக் கூட்டின் பலமே போயிருக்கும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கூரைத் தூண்களில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சன்ரூஃப் உள்ள கூப்பேக்கும் வடிகால் துளைகள் உண்டு, அதையும் சோதியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானவை சில. 2018 ஆகஸ்ட் வெள்ளம் கேரளத்தையும், 2015, 2023 டிசம்பர் வெள்ளங்கள் சென்னையையும் மூழ்கடித்தன. அப்போது நீரில் நின்ற வண்டிகளும் பழைய கார் சந்தையில் கலந்திருக்கின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள். இருக்கைத் தண்டவாளத்தில் துரு பாருங்கள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கம் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். குறைந்த கிலோமீட்டர் ஓடியது என்று சொன்னால் உடனே மயங்காதீர்கள். கொச்சி ஈரத்தில் ஓடாமல் நின்ற காரில் தோல் இருக்கை பூஞ்சணம் பிடிக்கும், பிரேக் தட்டு துருப்பிடிக்கும். இன்று பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ஐரோப்பியக் காரின் எரிபொருள் குழாய்கள் அந்த அளவு எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. மாதத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்கும் வண்டிக்கு இது கூடுதல் கவலை.

காகிதங்கள் சுத்தமா?

கேரளத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி, விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வரும். அதைத் தவிர்க்கப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்த சொகுசுக் கார்கள் மீது 2017-இல் கேரளத்தில் பெரிய நடவடிக்கை பாய்ந்தது. 2025 செப்டம்பரில் பூட்டான் வழியாகக் கடத்தி வந்து போலி ஆவணத்தில் பதிவு செய்த வண்டிகளைத் தேடிக் கொச்சி சுங்கத்துறை சோதனை நடத்தியது. விலை மலிவாக இருந்தால் ஆவணத்தை இரண்டு முறை படியுங்கள்.

வெளிமாநில வண்டியென்றால் படிவம் 28-இல் என்.ஓ.சி., பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30, கடன் இருந்து தீர்ந்திருந்தால் படிவம் 35. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். மட்டாஞ்சேரிக்காரருக்கு அது கே.எல். 43 எண்ணாக மாறும். புதிய மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியையும் சேர்த்துத்தான் காரின் உண்மையான விலை. 2023 ஏப்ரல் முதல் பழைய கார் வியாபாரிகள் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற வேண்டும். அந்தச் சான்றைக் கேட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

இன்சூரன்ஸில் வெள்ள நீரால் வரும் இன்ஜின் சேதத்துக்கான பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கூரைப் பழுதுக்குப் பணம் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

யாருக்கு எது?

மட்டாஞ்சேரியின் பழைய வரிசை வீடுகளில் வசித்து, காரைத் தெருவோரம் நிறுத்துகிறவர் கூப்பே வாங்கட்டும். வீட்டில் அது ஒன்றே கார் என்றாலும் கூப்பேதான். கூரை திறக்காத வருத்தம் இருக்கும். ஆனால் ஜூலை மாத இரவில் நிம்மதியாகத் தூங்கலாம்.

மூடிய ஷெட் உள்ளவர், அன்றாட ஓட்டத்துக்கு வேறு வண்டி வைத்திருப்பவர், வடிகாலைத் தானே துடைக்கும் பொறுமை உள்ளவர் துணிக் கூரை கன்வர்ட்டிபிள் வாங்கலாம். கோவை போன்ற வறண்ட ஊரில், நிழலில் வளர்ந்த வண்டி கிடைத்தால் இன்னும் நல்லது. வெயிலில் ரப்பர் காய்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். பத்து வயது கடந்த உலோக மடிப்புக் கூரை வண்டியை, கூரைக்கென்று ஒரு தொகை தனியே ஒதுக்க முடியாதவர் தொடவே வேண்டாம்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். மதுரை, கோவை, திருச்சியில் கன்வர்ட்டிபிளுக்கு மழை பெரிய எதிரி அல்ல, வெயில்தான். சென்னைக் கடற்கரைப் பக்கமும் நாகர்கோவிலும் தூத்துக்குடியும் உப்பு விஷயத்தில் கொச்சியின் உறவுக்காரர்கள்.

நல்ல ஸ்போர்ட்ஸ் கார் எவரோ பொறியாளர்கள் மனம் ஊன்றி வரைந்த பொருள். அது நம் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பூத்து, கூரை பாதியில் நின்று, ஒரு ஷெட்டின் மூலையில் வீணாவதைப் பார்க்க யாருக்கும் மனம் வராது. உங்களால் உலர்வாக வைத்திருக்க முடிகிற காரை வாங்குங்கள். விற்பவர் ஜனவரி வெயிலில் கூரையைத் திறந்து காட்டுவார், அது போதாது. முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கனமழையில் அந்தக் காருக்குள் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். மழைக்காக ஜூன் வரை காத்திருக்க வேண்டுமென்றால் காத்திருங்கள்.